இரண்டாவது நோட்டு

போன வருடம் எனக்கு மனம் கலங்கிப்போனது. நான் வேலை பார்க்கும் கடைக்குப் பழுது பார்க்க வரும் மூக்குக்கண்ணாடிகளின் வழியாக யாரோ என்னைக் கவனிக்கிறார்கள் என்று சத்தியமாக நம்பினேன். காதில் குரல்கள் வேறு. ஆஸ்பத்திரி, மாத்திரை என்று ஐந்து மாதம் போனதில் குரல்கள் ஓய்ந்தன. கூடவே தூக்கமும் போய்விட்டது. இரவெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருப்பேன். பகலில் அடித்துப் போட்டதுபோல் கிடப்பேன்.

முதலாளி நல்லவர். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு வந்தால் என் மேசை எனக்கு, அதற்குமேல் காத்திருக்க முடியாது என்று சொல்லியனுப்பியிருந்தார். லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவதில் என்னை அடித்துக்கொள்ள அங்கே ஆள் கிடையாது. வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்கிறேன்.

மாத்திரை எழுத ஒரு டாக்டர் இருக்க, தூக்கத்தைச் சரிசெய்யத் தனியாக ஒருவர் வாய்த்தார். நான் வைத்த பெயர் தூக்க மிஸ். எப்போது தூங்கினாலும் ஏழு மணிக்கு எழுந்து வெயிலில் நிற்கச் சொன்னார். பகலில் படுக்கக் கூடாது. தூக்கம் வராவிட்டால் கட்டிலில் புரளாமல் எழுந்துபோய் உட்கார்ந்துவிட்டு, கண்ணைச் சுழற்றும்போதுதான் திரும்ப வேண்டும். காலையில் எல்லாவற்றையும் நோட்டில் எழுத வேண்டும்.

இரண்டே வாரத்தில் பதினோரு மணிக்குத் தூக்கம் வந்தது. ஆனால் இரவில் மூன்று முறை திடுக்கிட்டு விழித்தேன். ஏன் என்று மட்டும் நோட்டில் எழுதவில்லை. எழுதினால் வேலை போச்சு என்று பயம்.

மூன்றாவது தடவை மிஸ்ஸைப் பார்க்கப் போனபோது அம்மாவும் அப்பாவும் கூட வந்தார்கள். மிஸ் என் நோட்டைப் புரட்டி, ஒன்று பத்து, இரண்டே கால், மூன்று ஐந்து என்று வாசித்துவிட்டு, அப்போதெல்லாம் என்ன நடக்கிறது என்று கேட்டார். பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உண்மை வந்துவிட்டது.

"யாரோ வந்து நின்னு என்னைப் பாக்குற மாதிரி இருக்கு மிஸ். கண்ணைத் திறந்தா யாரும் இல்ல. மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சுன்னு நினைக்கிறேன்."

அழுதேவிட்டேன். அப்பா தரையைப் பார்த்தார். அம்மா மட்டும் பேயறைந்தவள்போல் உட்கார்ந்திருந்தாள். பிறகு பையைத் துழாவி ஒரு நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

மிஸ் வாசித்தார். ஒன்று பத்து: பார்த்தேன், தூங்குகிறாள். இரண்டே கால்: பார்த்தேன், தூங்குகிறாள். மூன்று ஐந்து: பார்த்தேன், தூங்குகிறாள். பதினான்கு நாளும் அப்படியே.

"மூச்சு சீரா இருக்கான்னு போன் வெளிச்சத்துல பாப்பேன். அவ அசைஞ்சா ஓடிடுவேன்" என்றாள் அம்மா.

"பிள்ளையையும் கிள்ளிவிட்டு தொட்டிலையும் ஆட்டியிருக்கா" என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என்னை உண்மையாகவே ஒருவர் வேவு பார்த்திருக்கிறார், அதுவும் கணக்காக நேரம் குறித்து! மிஸ்ஸும் சிரித்தார். பிறகு அம்மாவிடம், நீங்கள் எப்போது தூங்கினீர்கள் என்று கேட்டார். அம்மா யோசித்தாள். நோட்டைப் பார்த்தாள். அதில் அது இல்லை.

ஒப்பந்தம் அங்கேயே முடிந்தது. அம்மா என் அறைக்கு வரக் கூடாது. ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கம் வராவிட்டாலோ, மனதுக்கு ஏதாவது தப்பாகப் பட்டாலோ, நானே போய் அவளை எழுப்ப வேண்டும்.

"கண்டிப்பா எழுப்புவியா?" என்று வீடு போய்ச் சேரும்வரை நாலு தடவை கேட்டாள். எழுப்புவேன் என்று நாலு தடவையும் சொன்னேன்.

முதல் இரண்டு நாள் கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் வந்து திரும்பிப்போனது. அப்புறம் அதுவும் இல்லை. நான் ஒரே மூச்சில் தூங்க ஆரம்பித்தேன்.

ஒன்றாம் தேதி ஏழு மணிக்கு எழுந்து, வெயிலில் நின்று, குளித்துக் கிளம்பினேன். வீட்டில் சத்தமே இல்லை. அம்மாவின் அறைக் கதவை ஒரு விரற்கடை திறந்தேன். வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை மாதக் கடன் தூக்கமோ. போன் வெளிச்சம் அடிக்கவில்லை. அந்த அளவுக்கு எனக்குப் புத்தி உண்டு.

அவளுடைய நோட்டை எடுத்துக் கடைசி வரிக்குக் கீழே எழுதிவிட்டு வேலைக்குப் போனேன்.

எட்டு இருபது: பார்த்தேன், தூங்குகிறாள்.