பழைய புத்தகத்தின் ஆறாவது பாடம்

எங்கள் ஆஸ்பத்திரியின் சின்ன சிஸ்டர் என் காதிலிருந்த போன் ஒயரைப் பிடுங்கித் தன் காதில் செருகிக்கொண்டபோது, என் வீட்டுக்காரர் ஆறாவது பாடத்தின் நடுவில் இருந்தார். தம்பிக்காரன் அண்ணனைக் கோட்டைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அண்ணனுக்குக் காய்ச்சல் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். "இவன்லாம் ஒரு மனுசனா? கூடப் பொறந்தவன்டா அவன்!" என்று இவர் போன் வழியாக அந்த ராஜாவைத் திட்டிக்கொண்டிருக்க, பின்னால் ஏதோ ஒரு லாரி ஹாரன் அடித்தது. "இருய்யா, பாடம் நடக்குதில்ல" என்று அந்த டிரைவரையும் ஒரு அதட்டு அதட்டிவிட்டு மறுபடி கோட்டைக்குள் போனார். சின்ன சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் பாட்டுக்கு மடித்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் தியேட்டருக்குப் பக்கத்து அறையில் எனக்கு வேலை. காயத்தில் வைக்கிற காஸ் துணி சுருள் சுருளாக வரும். அதை அளவாக வெட்டி மடிக்க வேண்டும். மடிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. வெட்டின ஓரம் எந்தப் பக்கமும் வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் நூல் பிரிந்து காயத்துக்குள் தங்கிவிடும். பத்துப் பத்தாகக் கட்டி, இரும்பு டப்பாவில் அடுக்கி, மேலே டேப் ஒட்டி நீராவி மெஷினுக்குள் தள்ள வேண்டும். வெந்து வெளியே வரும்போது டேப்பில் கறுப்புக் கோடுகள் விழுந்திருக்கும். அப்படி விழுந்தால்தான் டப்பா உள்ளே போகலாம்.

டப்பாதான் போகலாம், நான் போக முடியாது. தியேட்டர் வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். பதினோரு வருஷமாக அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று டப்பாவை நீட்டிக்கொண்டிருக்கிறேன். நான் மடித்தது மனிதர்களின் வயிற்றுக்குள் வரை போய் வருகிறது, நான் வாசலைத் தாண்டினதில்லை. எனக்கு உள்ளே நிற்க வேண்டும். டாக்டர் கையை நீட்டும்போது எடுத்துக் கொடுக்கிற ஆளாக நிற்க வேண்டும். தியேட்டர் உதவியாளர் வேலைக்குப் பத்தாவது பாஸாகியிருக்க வேண்டும், நாற்பது வயதுக்குள் இருக்கவும் வேண்டும். இந்தத் தடவை பரீட்சை முடிந்து இரண்டாவது மாதம் எனக்கு நாற்பது முடிகிறது. அவ்வளவுதான், இதற்குப் பிறகு எழுதிப் பிரயோஜனமில்லை.

மற்ற பாடமெல்லாம் எப்போதோ பாஸ். கணக்கில் எழுபத்தெட்டு வாங்கினவள் நான். வரலாறுதான் எனக்குச் சக்களத்தி. மூன்று தடவை எழுதி இருபத்தொன்பது, முப்பத்தொன்று, முப்பத்துமூன்று. "தடவைக்கு ரெண்டு மார்க் ஏறுதில்ல? அடுத்த தடவை சரியா முப்பத்தஞ்சு. பாஸ்!" என்று இவர் கிண்டலடிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. நாலு வருஷம் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்தேன். செத்தவர்கள் எந்தத் தேதியில் செத்தார்கள் என்பதெல்லாம் எனக்கு ஆஸ்பத்திரியிலேயே போதும் போதும் என்றிருக்கிறது. புத்தகத்தைத் திறந்தால் இரண்டாவது வரியில் கண் சொக்கும், நாலாவது வரியில் அடுப்பில் என்ன வைத்தோம் என்று ஞாபகம் வரும். ராஜாக்கள் எல்லோருக்கும் ஒரே மூஞ்சிதான்.

இந்த வருஷம் மறுபடி பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்று, இவர் பரணிலிருந்து என் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். லாரி ஓட்டுகிறவர். எட்டாவதோடு நிறுத்தியவர். "நீ புக்கைத் தொடவே வேண்டாம். லோடு ஏத்துற எடத்துல என்னைய ஒரு நாளு, ரெண்டு நாளு போட்டு வெக்கிறானுங்க. சும்மாதான உக்காந்திருக்கேன்? நான் படிச்சு அனுப்புறேன். உன் கை மடிக்கட்டும், காது படிக்கட்டும்" என்றார். நான் நம்பவில்லை. ஆனால் மூன்றாவது நாள் மத்தியானம் முதல் பாடம் அவர் குரலில் பதிவாகிப் போனில் வந்து விழுந்தது. எழுத்துக் கூட்டித்தான் படித்தார். நடுநடுவே டீ குடித்தார். யார்யாரையோ திட்டினார், யாருக்கோ வக்காலத்து வாங்கினார். ஒரு மாதத்தில் எனக்கு ராஜாக்களின் மூஞ்சி வேறு வேறாகத் தெரிய ஆரம்பித்தது.

சின்ன சிஸ்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒயரைக் காதிலிருந்து எடுத்தாள்.

"அக்கா, இது எந்த வருசத்து புக்கு?"

"என் புக்குதான். ஏன்?"

"என் தம்பியும் இந்த வருசம்தான் எழுதுறான். அவன் புக்குல இந்தக் கோட்டை, காய்ச்சல் எல்லாம் கிடையாதே. ரெண்டு வருசம் முன்னாடியே பாடத்தை மாத்திட்டாங்கக்கா. உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

யார் சொல்வார்கள்? பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிற வீட்டில் இந்தத் தப்பு நடந்திருக்காது. ஜூன் மாதம் அட்டை போட உட்காரும்போதே தெரிந்துபோயிருக்கும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இல்லை என்பதை நாங்கள் பழகிக்கொண்டு வருஷம் பல ஆகிறது, இருந்தாலும் இப்படி எதிர்பாராத மூலையிலிருந்து வந்து இடித்துவிட்டுப் போகும். கையிலிருந்த துணியைப் பார்த்தேன். வெட்டின ஓரம் வெளியே தெரிந்தது. பிரித்து மறுபடி மடித்தேன். பரீட்சைக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

அன்று பஸ்ஸில் வரும்போது அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இரண்டு மாதம் பாழ். வீட்டுக்குப் போனதும் போனைப் போட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பது என்று முடிவு செய்திருந்தேன். செருப்பைக் கழற்றும்போதே ஏழாவது பாடம் வந்துவிட்டது. தொண்டை கட்டிப்போயிருந்தது அவருக்கு. "இதுல உடன்படிக்கைன்னு ஒரு வார்த்தை வருதும்மா. எனக்கு அர்த்தம் தெரியல. கேட்டுல நின்னு லோடு கணக்கு எழுதுற ரைட்டர் சார்கிட்ட கேட்டேன். சண்டை போட்ட ரெண்டு பேரும் ஒக்காந்து பேசி எழுதிக்கிறதாம். அவரு கேக்குறாரு, இந்த வயசுல பரீட்சையா டிரைவர்னு. எனக்கில்ல சார், என் சம்சாரத்துக்கு, அவ பாஸாயிருவான்னேன்." அப்புறம் டீயை உறிஞ்சுகிற சத்தம். "பரவால்ல போலிருக்கும்மா. நமக்கும் படிப்பு வருது" என்றார்.

போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன். அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் கத்த மாட்டார், கோபப்பட மாட்டார். "சரி விடு" என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் சாப்பிடாமல் வண்டி ஓட்டுவார். அதனால் சொல்லவில்லை.

மறுநாள் சின்ன சிஸ்டர் தன் தம்பியின் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் அதை வரிக்கு வரி மனப்பாடம் செய்துவிட்டானாம், இனி தேவையில்லையாம். நல்ல பிள்ளை, நன்றாக இருக்கட்டும். திறந்தேன். இரண்டாவது வரியில் கண் சொக்கியது. முகத்தைக் கழுவிவிட்டு வந்து மறுபடி திறந்தேன். சாலைகளும் சந்தைகளும் என்று முதல் பாடம். எந்த அரசன் எவ்வளவு தூரம் சாலை போட்டான் என்று வரிசையாக எழுதியிருந்தது. எனக்கென்ன வந்தது என்று தோன்றியது. மூடி வைத்துவிட்டு மடிக்க உட்கார்ந்தேன். அறையில் நீராவி மெஷின் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. என்னையறியாமல் வாய்விட்டு, அவர் குரலில், "ரோடு போட்டானாம்ல ரோடு! குழி விழுந்தா யாருடா அடைச்சது?" என்றேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. புத்தகத்தை மெஷின்மேல் சாய்த்து வைத்துவிட்டுப் பதில் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. ஒவ்வொரு ஊர்க்காரர்களும் தங்கள் ஊர் எல்லை வரைக்கும் அடைக்க வேண்டுமாம்.

அப்படித்தான் படித்தேன். அவர் என்ன கேட்பார், எங்கே நிறுத்துவார், எவனைத் திட்டுவார் என்று யோசித்து யோசித்துப் படித்தேன். மடிப்புக்கு ஒரு வரி, கட்டுக்கு ஒரு தேதி. பெரிய சிஸ்டர் ஒரு நாள் கதவைத் திறந்து, நான் மெஷினோடு பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் மூடிவிட்டுப் போனார். வரலாறு எனக்குப் பிடித்துப்போய்விட்டது என்று சொன்னால் அது பொய். மூன்றாவது பாடத்தின் வரிவிதிப்பும் சட்டங்களும் கடைசி வரை என் கழுத்தை அறுத்தன. இரண்டு நாள் தொடவே இல்லை. மூன்றாம் நாள் பழைய புத்தகத்தின் எட்டாவது பாடம் போனில் வந்தது, வெட்கப்பட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். அவர் அனுப்பியதையும் ஒன்று விடாமல் கேட்டேன். அது பரீட்சைக்கு இல்லை.

பரீட்சை முடிந்து வெளியே வந்தபோது பள்ளிக்கூடத்துக்கு எதிரே லாரி நின்றது. முந்நூறு மைல் தள்ளி லோடு இறக்கிவிட்டு நேரே வந்திருக்கிறார். தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. கை கொடுத்து என்னைக் கேபினுக்குள் ஏற்றினார். என் பழைய புத்தகம் கண்ணாடி ஓரத்தில் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் பேனாவால் கோடு போட்டிருந்தார், அவர் திணறின வார்த்தைகளுக்குக் கீழெல்லாம்.

"எப்படி?" என்றார்.

"எழுதியிருக்கேன். பாப்போம்."

"எங்க, பேப்பரைக் குடு. நம்ம ஆறாவது பாடத்துலேர்ந்து கேட்டானா?"

கையைப் பார்த்தேன். கேள்வித்தாளை நான் எப்போதோ மடித்துவிட்டிருந்தேன், ஓரமெல்லாம் உள்ளே போகிற மாதிரி. அவர் அதைப் பிரித்து ஸ்டியரிங்மேல் வைத்து, விரலை ஓட்டிக்கொண்டே படித்தார். முதல் பக்கம் முடிந்தது. திருப்பினார். கடைசி வரை போய்விட்டு மறுபடி மேலே வந்தார்.

"இதுல ஒண்ணு கூட நான் படிச்சது இல்லையே."

நான் முந்தானை ஓரத்தை உள்ளே தள்ளி மடித்தேன்.

"பாடம் மாறிடுச்சா?"

"ம்."

"எப்ப தெரியும் உனக்கு?"

"ஆறாவது பாடம் கேக்கும்போது."

அவர் பழைய புத்தகத்தைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகும் துண்டை எடுக்கவில்லை.

"அப்புறம் ஏழு, எட்டெல்லாம் எதுக்குக் கேட்ட?"

"அந்த அண்ணன் கோட்டையை விட்டு வெளிய வந்தானா இல்லையான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

துண்டுக்குப் பின்னாலிருந்து சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேள்வித்தாளை மறுபடி எடுத்தார். விரல் இரண்டாவது கேள்வியில் போய் நின்றது.

"இது என்ன, சாலை, வண்டி, சந்தைன்னு போட்டிருக்கான்?"

"பழைய காலத்துல சரக்கு வண்டி எப்படிப் போச்சு, எங்கெங்க தங்குச்சுன்னு. அஞ்சு மார்க்."

"எழுதிட்டியா?"

"ஒண்ணரைப் பக்கம்."

"அப்பவும் லோடு ஏத்த ரெண்டு நாளு காக்க வெச்சானுங்களாமா?"

"அது புக்குல இல்ல."

"இல்லாம இருக்காதும்மா. எழுதினவனுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார். சாவியைத் திருகப் போன கையை எடுத்துவிட்டு, சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "சொல்லு. மொதல்லேர்ந்து சொல்லு."

நான் சொல்ல ஆரம்பித்தேன். பின்னால் ஒரு வண்டி வந்து ஹாரன் அடித்தது. அவர் திரும்பிப் பார்க்காமலே ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, சுற்றிக்கொண்டு போ என்று காட்டினார்.