ஆறாத காது

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகியும் தெருவில் அவருக்குச் சர்வேயர் என்றுதான் பெயர். அவர் வீட்டில் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். ஆகவே அவர் வளர்த்த வெள்ளைப் பூனையின் காது நுனியில் பொருக்குத் தட்டியதும், அடுத்த வீட்டுத் தையற்காரம்மாவின் கடுவன் பூனைதான் பிறாண்டிவிட்டது என்று சுற்றுச்சுவர் ஓரமாக நின்று தெருவே கேட்கச் சொன்னார். அந்தம்மா ரோஷக்காரி. கடுவனை அன்றே அறைக்குள் அடைத்தார். இரு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

கடுவன் அடைபட்டு இரண்டு மாதமாகியும் காது மட்டும் ஆறவில்லை. மகள்தான் வற்புறுத்தி அவரைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனாள்.

மருத்துவர் காதின் விளிம்பை விளக்கடியில் திருப்பிப் பார்த்தார்.

"பிறாண்டினதா இருந்தா இந்நேரம் ஆறியிருக்கும், ஐயா. இது பொருக்குத் தட்டுது, மறுபடி உடையுது. எங்க படுக்கும்?"

"மாடி ஜன்னல்ல. காலைல ஏறினா மத்தியானம்தான் இறங்கும்" என்றாள் மகள்.

"வெள்ளை முடிக்குக் கீழ தோலும் வெளிறியிருக்கு. வருஷக்கணக்கா வெயில் பட்டு வர்ற தோல் புற்றுநோயா இருக்கலாம். சின்னத் துண்டு எடுத்துப் பார்த்துடலாம்."

"எங்க வீட்டுப் பூனைக்கா?"

"வெயிலுக்கு உங்க வீட்டைத் தெரியாதே, ஐயா."

சந்தேகம் உறுதியானது. நல்லவேளை, வேறெங்கும் பரவவில்லை. இரு காது மடல்களையும் குட்டையாக வெட்டி எடுத்தார்கள்.

"கேக்குறதுக்கு ஒண்ணும் ஆகாது. ஜன்னலுக்குத் திரை போடுங்க" என்ற மருத்துவர், பூனையைக் கூடையில் வைத்தபடி சொன்னார்: "தெரிஞ்சவங்க வீட்டுப் பூனைக்குக் காதோ மூக்கோ வெள்ளையா இருந்தா பார்க்கச் சொல்லுங்க. ஆரம்பத்துல பிடிச்சா காப்பாத்திடலாம்."

திரும்பும் வழியில் மகள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அப்பா, கடுவனுக்கு மூக்கு வெள்ளை. ரெண்டு மாசமா ஜன்னலோரம்தான் அதுக்குக் கதி. எல்லாம் உங்க புண்ணியம்."

சர்வேயர் கூடையின் மூடியைச் சரிசெய்தார்.

"நான் போய்ச் சொல்லட்டுமா?"

"பழி சொன்னது நான். நீ போய் நின்னா நம்ம வீட்டுக்கு அதைவிட அசிங்கம் வேற இல்ல."

சட்டையின் மேல்பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். அளவு நாடாவைக் கழுத்தில் தொங்கவிட்டபடி தையற்காரம்மா திறந்தார்.

"என்ன சர்வேயரய்யா, வழி தவறிட்டீங்களா?"

"உங்க பூனை மேல நான் சொன்னது தப்பும்மா. அது பிறாண்டல. எங்க பூனைக்கு வெயில்ல வந்த புற்றுநோய்."

அந்தம்மாவின் முகம் இளகியது. ஆனால் நாக்கு இளகவில்லை.

"அன்னிக்குத் தெருவே கேட்டுச்சு. இன்னிக்கு எனக்கே சரியா கேக்கலையே."

சர்வேயர் தெருப்பக்கம் திரும்பினார். முதுகை நிமிர்த்தி, அதே வாக்கியத்தை முழுக் குரலில் சொன்னார். எதிர்வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தது.

"போதும் போதும், உள்ள வாங்க" என்று பதறினார் தையற்காரம்மா.

"பூனையை எடுத்துட்டு வாங்க. மூக்கைப் பார்க்கணும்."

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்கள். மூக்கு நுனியில் கடுகளவு செம்பொருக்கு.

"எங்கயோ உரசிக்கிச்சுன்னு நெனச்சேன்" என்றார் அந்தம்மா. குரல் இறங்கியிருந்தது.

"நானும் அப்படித்தான் ஏதோ நெனச்சேன். காலைல ஒன்பது மணிக்கு டாக்டர் வந்துடுவாங்க. கூடை எங்க வீட்ல இருக்கு. நானே தூக்கிட்டு வரேன்."