பக்கத்துப் பச்சைக் கதவு

வாழ்நாளெல்லாம் ஊருக்குப் பரிமாறிய மனிதர், ஒரு நாளாவது தாமும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. அந்த ஆசையோடு கொஞ்சம் மிடுக்கும் ஒட்டிக்கொண்டதுதான் வினையாகப் போயிற்று.

அவர் ஓட்டல் சர்வர். "ஏய்" என்றும் "இந்தா" என்றும் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் "இதோ சார்" என்று ஓடி ஓடியே கெண்டைக்கால் நரம்பு சுருட்டிக்கொண்டவர். கல்யாணமான நாளிலிருந்து தள்ளிப்போட்டு வந்த பயணத்துக்கு இப்போதுதான் மனைவியோடு புறப்பட்டிருந்தார். வீட்டைப் பூட்டும்போதே சொல்லிவிட்டார், திரும்பி வரும்வரை தாம் வாடிக்கையாளர், யாருக்கும் ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்கமாட்டார் என்று. மனைவி சிரித்தாள். பாதி வழியிலேயே அந்தச் சிரிப்பு வற்றிவிட்டது. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்களே, இவர் பட்டப்பகலிலேயே பிடித்தார்.

மனைவி அசைவம் தொடமாட்டாள். அதனால் போன ஊரில் தங்கிய விடுதிக்காரரிடம் சைவ கஃபே எங்கே என்று விசாரித்தார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்தெரு, பச்சைக் கதவு, முற்றத்தில் மேசை போட்டிருப்பார்கள் என்றார் அவர். எல்லாம் சரிதான். ஆனால் அந்தத் தெருவில் அடுத்தடுத்து இரண்டு பச்சைக் கதவுகள். முதல் கதவு விரியத் திறந்திருந்தது, முற்றத்தில் மேசைகள் கிடந்தன, உள்ளேயிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. அது கஃபே இல்லை, ஒரு வீடு. உங்களிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவருக்குத் தெரியத்தான் நேரமாயிற்று.

நுழைந்ததுமே ஒரு அம்மாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "வாங்க சார், வாங்கம்மா. உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கோம்" என்றாள். சர்வருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாடிக்கையாளரை இப்படி வரவேற்கத்தான் அவருடைய முதலாளி ஆயுள் முழுக்கப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார்.

நாற்காலிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தன. தட்டுகள் ஜோடி சேரவில்லை. வேறு ஒரு ஈ காக்கை இல்லை. தொழில்காரக் கண் எல்லாவற்றையும் பார்த்தது, ஆனால் மிடுக்கு அதை யோசிக்க விடவில்லை. மேசையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருப்பதாக விரலால் சுட்டிக்காட்டினார். அம்மாள் துடைத்தாள். கரண்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வேறு கேட்டார். கொண்டுவந்தாள். எல்லாம் சைவம்தானே என்று அதட்டலாகக் கேட்டதற்கு, சைவம்தான், அவருக்கும் அதுதான் பிடிக்கும் என்றாள். அந்த 'அவர்' கடை முதலாளி என்று சர்வர் தாமாகவே எடுத்துக்கொண்டார்.

காய்கறி சூப் வந்தது. ஒரு வாய் வைத்தார். அமிர்தம். உப்பும் உறைப்பும் அளவாக இருந்தன. ஆனால் அவருடைய ஓட்டலில் ஜன்னலோர மேசைக்காரர் ஒருவர் உண்டு. எந்தச் சூப்பையும் ஒரு வாய் வைத்துவிட்டு உப்பில்லை என்று திருப்பி அனுப்புவார். சர்வர் அதை உள்ளே கொண்டுபோய், ஒன்றும் போடாமல் சும்மா ஒரு கிண்டு கிண்டித் திரும்பக் கொண்டுவந்து வைப்பார். இப்போதுதான் சரி என்பார் மனிதர். அந்த மனிதராக ஒரு தடவையாவது இருந்து பார்க்க வேண்டும் என்பது சர்வரின் நெடுநாள் ஆசை. கிண்ணத்தைத் தள்ளினார்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு கேள்விப்பட்டதில்லையா? எடுத்துட்டுப் போங்க."

அம்மாளின் முகம் சுண்டிப்போயிற்று. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். மனைவி மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள். "நல்லாத்தானே இருக்கு, ஏங்க இப்படி?" என்றாள். இதெல்லாம் உனக்குப் புரியாது என்றார். சூப் திரும்பி வந்தபோது, ஜன்னலோர மேசைக்காரரின் குரலிலேயே இப்போதுதான் சரி என்றார்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவ உள்ளே போனார். கூடத்துச் சுவரில் ஒரு படம், குடிநீர் வாரியச் சீருடை போட்ட மனிதர் ஒருவர். அதன் முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கீழே ஒரு மூக்குக் கண்ணாடி. ஓரமாக ஒரு கட்டில், மடித்த போர்வை. கடையில் ஏது கட்டில்? யோசித்தபடியே குழாயைத் திறந்தார். அப்போதுதான் அடுக்களையில் ஓர் இளம் பெண்ணின் குரல் கேட்டது.

"விடும்மா. பெரிய ஆபீசர்னா இப்படித்தான் இருப்பாங்கன்னு அப்பா சொல்லுவாரே. அவங்க ஒருத்தராவது வந்தாங்களேன்னு நெனச்சுக்கோ."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. குழாயை மூடாமல் நின்றார். பின்வாசல் திறந்துதான் கிடந்தது, மனைவிக்குக் கண்ணைக் காட்டிவிட்டு நழுவிவிடலாம். நழுவத்தான் நினைத்தார், அதை மறைப்பானேன். அதற்குள் அம்மாள் மகளோடு வெளியே வந்துவிட்டாள்.

கணவர் பம்ப் நிலையத்தில் வேலை பார்த்ததையும், அவர் போய் ஒரு மாதம் ஆவதையும், கூட வேலை பார்த்தவர்களை எல்லாம் இன்று மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்ததையும் படத்தைப் பார்த்தபடியே சொன்னாள். பெரிய அதிகாரி சம்சாரத்தோடு வருவதாகப் போனில் சொன்னாராம். அவர் முகத்தை இவர்கள் பார்த்ததில்லை.

"அவர் வேலையில எப்படின்னு எம்பொண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க சார். நீங்க சொன்னா போதும்."

ஒரு வார்த்தைதான். தங்கமான மனிதர் என்றால் முடிந்தது. வாய்வரை வந்துவிட்டது. வாசல்பக்கம் மனைவி எழுந்து வந்து நிற்பது தெரிந்தது. அந்தப் பெண் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பின் பார்க்காத ஒருவரைப் பற்றி, சொட்டுத் தண்ணீருக்காக அதிகாரம் பண்ணிய அதே வாயால் நற்சான்று கொடுக்க அவருக்குக் கூசியது.

"நான் ஆபீசர் இல்லம்மா" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. "சர்வர் வேலை பாக்கறேன். கஃபேன்னு நெனச்சு தப்பா நுழைஞ்சுட்டோம்."

திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தார். அம்மாள் திட்டவில்லை. முற்றத்து மேசைகளை ஒருமுறை பார்த்தாள்.

"அப்ப யாருமே வரலையா" என்றாள்.

மகள் தலையைத் திருப்பிக்கொண்டாள். சர்வருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. தம்மை அறியாமல் முற்றத்துக்குப் போய் எச்சில் தட்டுகளை எடுத்து முழங்கையில் அடுக்க ஆரம்பித்தார். அம்மாள் பின்னாலேயே வந்து சூப் கிண்ணத்தை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அவர் போனதுலேருந்து எனக்கு வாய்ல ருசியே தெரியல. எதைச் செஞ்சாலும் குத்துமதிப்பாத்தான் போடறேன். மொதல்ல நெஜமாவே உப்பு கம்மியா இருந்துச்சா?"

"இல்லம்மா" என்றார் சர்வர். "மொதல்லயே சரியாத்தான் இருந்துச்சு."