சூடு தெரியாத தோள்

இந்தக் காலத்தில் வைத்தியன் எவனும் வைத்தியம் பார்ப்பதில்லை. கேள்விதான் கேட்கிறான். சர்க்கரை உண்டா, நெஞ்சுவலி உண்டா, எங்கேயாவது கம்பி வைத்துத் தைத்திருக்கிறதா, நெஞ்சுக்குள் மிஷின் வைத்திருக்கிறதா. வலிக்கிற இடத்தை விட்டுவிட்டு ஊரெல்லாம் சுற்றி வருகிறான். முன்னெல்லாம் எலும்பு பிசகிப் போனால் கட்டுக் கட்டுகிறவர் பேர்கூடக் கேட்க மாட்டார். பிடிப்பார், இழுப்பார், ஒரு அலறல், அவ்வளவுதான்.

தச்சநல்லூரில் அந்தப் பிசியோதெரபி நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்து பூதத்தான் இப்படித்தான் பொருமிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் பெண்சாதி உலகம்மாள், மடியில் மஞ்சள் பையோடு. சீவலப்பேரியிலிருந்து முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள்.

வலது தோள் இரண்டு மாதமாகச் சரியில்லை. கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. வேறு நேரமாக இருந்தால் கிடக்கட்டும் என்று விட்டிருப்பார். ஐப்பசி பிறந்துவிட்டது. பத்து நாளில் பிசான நெல் சாகுபடிக்குக் கால்வாயில் தண்ணீர் வரும். ஊருக்கு மடை பார்க்கிறவர் பூதத்தான். முப்பத்தொரு வருஷமாக அவர் தூக்கினால்தான் மடைப்பலகை எழும்பும், அவர் அமர்த்தினால்தான் தண்ணீர் நிற்கும். இந்தத் தடவை கை எழும்பவில்லை என்றால் தெற்குத் தெரு சுடலைராஜை வைத்துக்கொள்ளலாம் என்று வயல்காரர்கள் பேசிக்கொள்வது அவர் காதுக்கும் வந்துவிட்டது.

மேலத்தெரு மந்திரமூர்த்திக்கு இதே தோள்வலி. பத்து நாள் இங்கே வந்து கரண்டு வைத்துவிட்டுப் போய்க் களத்தில் மூட்டை தூக்கினான். பூதத்தானுக்கும் அந்தக் கரண்டுதான் வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

உள்ளே ஒரு டீச்சரம்மாவுக்கு முழங்காலில் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. திரை பாதிதான் மூடியிருந்தது. வைத்தியம் பார்க்கிற ஜெபசீலன் முப்பது வயதுக்காரர். ஊரில் கரண்டு என்று சொல்கிற கையளவு கருவி ஒன்றின் வட்ட முகத்தில் முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். அது கொதிப்பதுபோல் சிலிர்த்தது. கருவி வேலை செய்கிறது என்று தலையாட்டிக்கொண்டு, முழங்காலில் பசை தடவி, தோசைக்கல்லில் எண்ணெய் தேய்க்கிற மாதிரி வட்டம் வட்டமாகத் தேய்த்தார். நிறுத்தவே இல்லை.

"ஏ தம்பி, வலிக்க எடத்துலயே வச்சு அமுக்கினா சட்டுனு போவும்லா?" பூதத்தான் பெஞ்சிலிருந்தே கேட்டார்.

"ஒரே இடத்துல வச்சா உள்ள இருக்க சதை வெந்து போவும் அண்ணாச்சி. நகட்டிக்கிட்டேதான் இருக்கணும். அவங்களும் சுட்டா உடனே சொல்லணும்."

"சுட்டாச் சொல்லணுமாம்ளா," என்று உலகம்மாளிடம் முனகினார். "சூடு தாங்காதவன்லாம் எதுக்கு வைத்தியத்துக்கு வாரான்?"

அவர் முறை வந்தது. மறுபடியும் கேள்விகள். எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்றார். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். இடது கையால் பாடுபட்டுக் கழற்றினார். ஜெபசீலன் இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்து வந்தார். ஒன்றில் சுடுதண்ணீர், ஒன்றில் குளிர்ந்த தண்ணீர்.

"கண்ண மூடிக்கிடுங்க. தொட்டா சூடா, குளிர்ச்சியான்னு சொல்லுங்க."

பூதத்தானுக்கு விளங்கிவிட்டது. இது பரீட்சை. இதில் தேறினால்தான் கரண்டு கொடுப்பான். இமையை முழுக்க மூடவில்லை. சுடுதண்ணீர்க் குழாயை ஜெபசீலன் வலது கையில் வைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டார். இடது தோளில் தொட்டபோது யோசிக்காமல் சொல்ல முடிந்தது. வலது தோளில் வலது கை வந்தால் சூடு, இடது கை வந்தால் குளிர்ச்சி. எட்டுக்கு எட்டும் சரி.

ஜெபசீலன் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, நீங்க நான் தொடுததுக்கு முன்னாலயே சொல்லுதீங்களே?"

"அனுபவம்பா."

ஒரு துண்டை எடுத்து மெதுவாக அவர் கண்ணுக்கு மேல் போட்டார் ஜெபசீலன். பூதத்தானுக்கு இருட்டு. வலது தோளில் ஏதோ படுகிற மாதிரி இருந்தது.

"சூடு," என்றார்.

"இப்ப?"

மறுபடியும் சூடாகவா இருக்கும்? இருக்கலாம். ஏமாற்றுகிறவன் இவன். "சூடு."

"இப்ப?"

"குளிர்ச்சி."

துண்டை எடுத்தார். ஜெபசீலன் இரண்டு குழாய்களையும் மேஜையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டி நின்றார். "மொதல்ல ரெண்டு தடவையும் பச்சத்தண்ணி. மூணாவது தடவை நான் தொடவே இல்ல."

உலகம்மாளுக்குச் சிரிப்பு வந்து, பிறகு நின்றுபோனது. ஜெபசீலன் அவரைத் திருப்பி, தோளின் பின்பக்கம் பார்த்தார். அரை உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"இது எப்ப சுட்டது?"

"எது?" என்றார் பூதத்தான். அவருக்குத் தெரியாது.

"செங்கல்லக் காய வச்சுத் துணியில சுத்தி ஒத்தடம் குடுத்தேன்யா," உலகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சூடு பத்தல, சூடு பத்தலன்னு என்னைய வஞ்சாரு. எனக்குக் கையே வைக்க முடியல. அவரு, இன்னும் காய வையி இன்னும் காய வையிங்காரு. கொப்புளம் வந்ததச் சொன்னேன். வேர்க்குருன்னாரு."

ஜெபசீலன் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "அண்ணாச்சி, உங்களுக்கு அங்கன உணர்ச்சி இல்ல. இந்த மிஷினுக்குக் கண்ணு கிடையாது. சுடுதுன்னு நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும். நீங்களும் சொல்ல மாட்டீங்க, உங்க தோளும் சொல்லாது. நான் கரண்டு வச்சா உங்க சதைய வேக வச்சு அனுப்புன மாதிரி. வைக்க மாட்டேன்."

"மந்திரமூர்த்திக்கு வச்சீருலா?"

"அவருக்குத் தோளு பேசுச்சு."

"ஒரு பத்து நிமிசம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வாயத் தொறக்க மாட்டேன்."

"அதான் அண்ணாச்சி பயமே."

கழுத்தில் நரம்பு அழுந்தியிருக்கலாம், சர்க்கரையாகவும் இருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி எழுதி வாங்கி வாருங்கள் என்றார். அதுவரை சுவரில் விரலை ஊன்றிப் படிப்படியாக மேலே ஏற்றும் பயிற்சி ஒன்றைச் செய்து காட்டினார். பளு தூக்கக் கூடாது. சூடு வைக்கவே கூடாது.

"சுவத்துல பல்லி மாதிரி ஏறதுக்கா நான் டவுனுக்கு வந்தேன்?" பூதத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியேறினார். "கரண்டு பில்லுக்குப் பயந்தவன்!"

எதிர்த்த கடையில் டீ சொன்னார். உலகம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தாள். பூதத்தான் கண்ணாடித் தம்ளரை இடது கையில் வாங்கி, ஊதிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, சட்டைக் காலரை விலக்கி, புண்ணுக்கு இந்தப் பக்கம், வலது தோளின் மேல் தம்ளரை வைத்தார். எண்ணினார். பத்து வரைக்கும் எண்ணினார்.

உலகம்மாள் எட்டித் தம்ளரைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் "அம்மாடி!" என்று பெஞ்சின் மேல் வைத்துவிட்டு விரலை உதறினாள்.

பூதத்தான் அவள் விரலைப் பார்த்தார். தன் தோளைப் பார்த்தார். உச்சுக் கொட்டினார்.

"டீய ஆத்தி ஆத்திப் பச்சத்தண்ணியாக் குடுத்திருக்கான் இந்தக் கடைக்காரன்."

"மடைக்கு என்ன செய்யப் போறீரு?"

"நாந்தான் போவேன். வேற எவன் போவான்? எந்த வயலுக்கு எம்புட்டுத் தண்ணின்னு அவனுக்குத் தெரியுமா?" இரண்டு எட்டு நடந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "பலகைய மட்டும் சுடலைராஜு தூக்கட்டும். இந்த ஒரு பூ வெள்ளாமைக்கு."

"அப்போ டாக்டரு சொன்னது நெசந்தான?"

"அவன் கெடக்கான்!" என்று துண்டை உதறி இடது தோளில் போட்டுக்கொண்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். வலது கை பக்கவாட்டில் சும்மா தொங்கியது.