பன்னிரண்டும் நாற்பத்தேழும்

பால் குடிக்கும்போது என் மகளுக்கு நெற்றி வியர்த்தது. மூன்று மாதக் குழந்தை பால் குடிப்பதற்கு மூட்டை தூக்குகிறவரைப் போல வியர்ப்பானேன்? நாலு வாய் உறிஞ்சுவாள், விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள், அப்படியே தூங்கிப்போவாள். எடையும் ஏறவில்லை.

"அழுறப்ப உதடு கறுக்குது அத்தை" என்று மாமியாரிடம் சொன்னேன்.

"அவ அப்பன் நிறம். பார்த்துத்தானே கட்டிக்கிட்ட?" என்று சிரித்தார்.

துணி ஆலையில் நிறம் ஒப்பிடுவது என் வேலை. பத்து வருஷமாக நூலையும் துணியையும் சேர்த்து வைத்துப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன். ஆனாலும் டாக்டரிடம் போனபோது கோட்டை விட்டேன். அவர் அறையில் மஞ்சள் பல்பு. மகளோ நல்ல தூக்கம். அவர் சட்டைக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கா. முதல் குழந்தைன்னா அப்படித்தான் தோணும்" என்று அனுப்பிவிட்டார். மஞ்சள் விளக்கில் நிறம் பார்க்காதே என்று புதிதாக வருகிறவர்களிடம் கத்துகிறவள் நான். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

மறுநாள் காலை, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நம்பர் போட்ட ஆலையின் நூல் அட்டையோடு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்து வீட்டுக் குழந்தையையும் வாங்கி வந்திருந்தேன். அந்தக் குழந்தையின் உதடு பன்னிரண்டாம் நம்பர், இளஞ்சிவப்பு. என் மகள் அழுதபோது நாற்பத்தேழு, மங்கிய ஊதா. நகமும் அதே. நாக்கும் அதே.

"அப்பன் நிறம் நாக்குக்குமா வரும் அத்தை?"

அவர் குனிந்து பார்த்தார். போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"ஜன்னல்கிட்ட வாங்க டாக்டர். பசியோட கூட்டிட்டு வந்திருக்கேன், இப்ப அழுவா" என்றேன். அவளைப் பசியோடு வைத்திருந்தது எனக்கே வலித்தது. அவர் அட்டையைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். இந்தத் தடவை சட்டையைக் கழற்றி வெகுநேரம் கேட்டார். அவள் காலில் ஆக்சிஜன் அளவு பார்க்கிற கருவியை மாட்டி, அதில் தெரிந்த எண்ணை இரண்டு தடவை சரிபார்த்தார்.

"இதயத்துல பிறவியிலேயே ஏதோ குறை இருக்கும் போலம்மா. இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"எழுதிக் குடுங்க. இப்பவே கிளம்புறோம்."

ஆம்புலன்ஸில் ஏறியாயிற்று. இனி திரும்பிப் போவதாக இல்லை. அட்டையிலிருந்து பன்னிரண்டாம் நம்பர் நூலை உருவி என் விரலில் சுற்றிக்கொண்டேன். அந்த விரலை அவள் ஊதா நகங்களோடு இறுகப் பிடித்துக்கொண்டாள்.