பூசணிக்காய்க்கு ஒரு கொக்கி

போன கோடையில் ஆனந்தியின் பண்ணையில் ஒரு பேட்ச் கோழி வெயில் தாங்காமல் மொத்தமாகச் செத்துப் போனது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் குஞ்சு தர மாட்டோம் என்று, குஞ்சு கொடுத்து வளர்க்கச் சொல்லும் கோழிக் கம்பெனிக்காரர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். குஞ்சு இல்லையென்றால் மறுபடியும் திருப்பூர்தான். அதே ஒற்றை அறை, அதே பனியன் கம்பெனி, புருஷன் பகல் ஷிப்டு, பெண்டாட்டி ராத்திரி ஷிப்டு. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காத அந்தப் பிழைப்பு வேண்டாம் என்றுதான், அவளும் புருஷன் சோலைமலையும் தாடிக்கொம்புக்கு வெளியே இந்த ஷெட்டைக் கட்டிக்கொண்டு கிடந்தார்கள்.

இந்த பேட்ச் நன்றாகத்தான் வளர்ந்தது. மறுநாள் ராத்திரி வண்டி வந்து ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்து ஒச்சாயி எட்டிப் பார்த்து, "ஆத்தாடி! அம்புட்டும் வெள்ளை வெளேர்னு என்னமா இருக்கு!" என்று வாயைத் திறந்து தொலைத்தாள். கண் பட்டுவிட்டது என்றாள் ஆனந்தி. வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டியே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"நாளைக்கு ராத்திரி ஏத்தப் போறோம். இப்பப் போயி எதுக்குடி?" என்றான் சோலைமலை.

"நீங்க கட்டுறீங்களா, இல்ல நானே ஏணி போட்டு ஏறவா?"

மாட்டுவதற்குக் கொக்கி இல்லை. விடிந்ததும் விடியாததுமாக வெல்டிங்காரரைக் கூட்டிவந்தான். அவர் மிஷினுக்குக் கரண்டு திரும்பும் எர்த் கிளிப்பை ஷெட்டின் கடைசி இரும்புத் தூணில் கவ்வவிட்டு, முதல் தூணில் கொக்கியைப் பற்றவைத்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார். பூசணிக்காய் ஜம்மென்று தொங்கியது.

காலையில், ஷெட்டுக்குள் இருக்கும் சூட்டை வெளியே காட்டி விசிறிகளை ஓட்டும் பேனல் பெட்டி இருபத்தெட்டு டிகிரி காட்டியது. வெயில் ஏறிய பிறகும் அதேதான். உச்சி வெயிலில் ரோட்டில் தார் இளகியபோதும் அதே இருபத்தெட்டு. எல்லாம் பூசணிக்காயின் மகிமை என்று பூரித்துப் போனாள் மகராசி! அடிக்கடி ஆள் நுழைந்தால் கோழி மிரளும் என்பதால் பகலில் பேனலைப் பார்ப்பதோடு சரி.

மத்தியானம் தண்ணீர் பார்க்கக் கதவைத் திறந்தாள். அனல் முகத்தில் அறைந்தது. மின்விசிறிகள் விடிகாலை வேகத்திலேயே சோம்பலாகச் சுற்றின. தரை முழுக்கக் கோழிகள் வாயைப் பிளந்து கிடந்தன.

"ஏங்க! ஓடியாங்க! எல்லாம் போச்சுங்க!"

திண்டுக்கல்லிலிருந்து மெக்கானிக் அமலன் பைக்கில் பறந்து வந்து விசிறிகளை நேரடி லைனில் ஓடவிட்டான். என்ன பிரயோசனம்? துடித்துக்கொண்டிருந்தவையும் ஒவ்வொன்றாக அடங்கின. சோலைமலை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் குழி தோண்டப் போனான்.

அமலன் பெட்டியைக் கழற்றிப் பார்த்தான். "அக்கா, உள்ள இருக்கிற சென்சாரும் விசிறியும் இந்தப் பெட்டியோட ரெண்டு கம்பி வழியாத்தான் பேசிக்கிரும். அதுக்குன்னே ஒவ்வொரு போர்டுலயும் நகத்தளவுக்கு ஒரு சிப்பு. டிரான்ஸீவர்னு பேரு. அம்புட்டும் கருகிக் கெடக்கு. சேதி வரலைன்னதும் பெட்டி கடைசியா கேட்ட இருபத்தெட்டையே காட்டிக்கிட்டு நின்னுருச்சு."

"மழை இல்ல, இடி இல்ல. எப்படிப்பா கருகும்?"

"வெல்டிங் ஏதும் வச்சீங்களா? அந்த ரெண்டு கம்பியையும் கழட்டாம வச்சா, வெல்டிங் கரண்டு தூண் வழியா அதுலயும் பாஞ்சிரும்."

ஆனந்தி வாசலைப் பார்த்தாள். பூசணிக்காய் அசையாமல் தொங்கியது. பாவி, நான்தானே, நான்தானே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கம்பெனிக்காரர் போனில் வந்தார். இனிமேல் குஞ்சு கிடையாது என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை.

சோலைமலை மண்ணும் வியர்வையுமாக வந்து நின்றான். "ஒச்சாயி கண்ணு கொள்ளிக்கண்ணுடி. நீ அப்பவே சொன்ன, நாந்தான் கேக்கல. இன்னும் கொஞ்சம் முன்னாடியே கட்டியிருக்கணும்."

அமலன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வேண்டாம் என்று ஆனந்தி கண்ணாலேயே கெஞ்சினாள். உண்மை தெரிந்தால் இந்த மனுஷன் அவளைத் திட்ட மாட்டான். வெல்டிங்காரரைக் கூட்டிவந்தது நான்தானே என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வான். அதை அவளால் தாங்க முடியாது.

"ஆமாங்க," என்றாள். "அவ கண்ணுதான்."

அவன் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் பின்பக்கம் போனான். குழி இன்னும் பாதிகூட ஆகவில்லை.