இரண்டு நிமிடச் சராசரி

"எத்தனை மணிக்கு?" பேனாவைத் திறந்தபடி டாக்டர் கேட்டார்.

"மூணு பன்னிரண்டு," என்றாள் மகள்.

அவர் எழுதிக்கொண்டார். அது அப்பாவின் மூச்சு நின்ற நேரமில்லை. அலாரம் அடித்த நேரம். அந்த வித்தியாசம் அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அலாரம் அவள் செய்தது. கல்லூரியில் மின் சிக்னல்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறாள். அப்பாவின் மார்பில் ஒரு பட்டை, மூச்சுக்கு ஏற்ப விரியும், சுருங்கும். கம்ப்யூட்டர் அதைப் பதிவு செய்து, பத்து நொடிகளுக்குச் சராசரி எடுக்கும். சராசரி இறங்கினால் அலாரம். அப்பா புரண்டால் அடித்தது. இருமி ஓய்ந்தால் அடித்தது. முப்பது வருடம் பஸ் ஓட்டியவர் அதற்குக் கண்டக்டர் என்று பேர் வைத்தார்.

"ஸ்டாப்பே இல்லாத இடத்துல எல்லாம் விசில் அடிக்கிறான்மா. கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லு."

போன வாரம் பத்து நொடியை இரண்டு நிமிடமாக்கினாள். வீடு அமைதியானது. சராசரியை நீட்டினால் இரைச்சல் குறையும், செய்தி தாமதமாக வரும். வருடா வருடம் கரும்பலகையில் அவள் எழுதுகிற வரி. வீட்டில் அது நினைவுக்கு வரவில்லை.

அலாரம் அடித்தபோது பின்னறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஓடி வந்தாள். அப்பாவின் பக்கத்தில் யாரும் இல்லை. அம்மா கொல்லைப்புறத்தில், மத்தியான வெயிலில், கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரை அனுப்பிவிட்டு அண்ணன் உள்ளே வந்தான்.

"கஷ்டப்பட்டிருப்பாரோ?"

"தெரியலை."

"உன் மெஷின்ல இருக்குமே, வாத்தியாரம்மா."

அவன் குத்தலாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடம் அவர் மூச்சுக்குத் திணறியிருந்தால், அதை மறைத்தது அவள்தான்.

அரை மணி நேரம் கழித்துக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். சராசரி எடுக்காத பதிவு தனியாக இருந்தது. மூன்று மணியிலிருந்து பார்த்தாள். மூச்சு அலை அலையாக வந்தது. அலைகள் சிறுத்தன. இடைவெளி நீண்டது. மூன்று பத்துக்குக் கடைசி அலை. திணறல் எதுவும் இல்லை.

ஆனால் அலைகளின் மேல் சின்னச் சின்ன முட்கள் இருந்தன. நொடிக்கு ஒன்று. பட்டை தளர்ந்துவிட்டதோ என்று நினைத்தாள். தளர்ந்த பட்டை இவ்வளவு ஒழுங்காக இருக்காது. இதயத்துடிப்பு இவ்வளவு பெரிதாகத் தெரியாது. கடைசி மூச்சுக்குப் பிறகும் முட்கள் வந்தன. ஒரு நிமிடம். பிறகு நேர்கோடு.

அவள் எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். அம்மா தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மூணு மணிக்கு நீ எங்கம்மா இருந்தே?"

"சொன்னேனே. துணி எடுத்தேன்."

"அதுக்கு முன்னாடி?"

அம்மா ஒரு தலையணை உறையை நான்காக மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

"அதையும் எழுதி வைக்குமா அது?"

"தட்டினது தெரியுது."

"தூக்கம் வரலைன்னார். நெஞ்சுல தட்டிக்குடுன்னார், சின்னப் புள்ளை மாதிரி. தட்டினேன். மூச்சு விட்டு விட்டு வந்துச்சு. அப்புறம் வரலை. நான் நிறுத்தலை."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட்டா? ஆம்புலன்ஸைக் கூப்பிடுவே. மறுபடி மூக்குல குழாய், கையில ஊசி. வேணாம் வேணாம்னு மனுஷன் எத்தனை தடவை சொன்னாரு. அண்ணனும் தங்கச்சியும் காதுல வாங்கினீங்களா?"

அவள் அம்மாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏன் கூப்பிடலைன்னு கேப்பீங்கன்னுதான் கொல்லைக்குப் போயிட்டேன்," என்றாள் அம்மா. "அந்தச் சனியன் எந்த நிமிஷம் கத்துமோன்னு பயந்துக்கிட்டேதான்டி தட்டினேன். கத்தலை."

"நான்தான் லேட்டா அடிக்கிற மாதிரி மாத்தி வச்சிருந்தேன்மா. தெரியாம."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு," என்றாள்.

வாசலில் அண்ணன் நின்றிருந்தான். எவ்வளவு கேட்டானோ.

"கஷ்டப்படலை," என்றாள் அவள். "அம்மா பக்கத்துல இருந்திருக்கா."

அவன் தலையாட்டினான். உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். காலையிலிருந்து கழற்றாத காலுறைகளைக் கழற்றினான்.

அம்மா பெரிய போர்வையை எடுத்தாள். ஒருத்தியால் மடிக்க முடியாத போர்வை. மகள் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் உதறினார்கள். வெயிலில் காய்ந்த துணியின் சூடு முகத்தில் பட்டது.

"இழுத்துப் பிடிடி," என்றாள் அம்மா.